சிறுநீரில் பென்சோடையசெபின் முதலில் ‘இல்லை’, மறுநாள் ‘உண்டு’: எந்த முடிவை நம்புவது?

இரவுப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொது மருத்துவத்தில் முதுநிலை பயின்று வருகிறேன். அண்மையில் ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவுகள் என்னைக் குழப்பிவிட்டன. ஆய்வகத்தில் பணிபுரிவோரிடம் கேட்டால் தெளிவு கிடைக்கும் என்று இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடுவயதுப் பெண்மணி ஒருவர் நள்ளிரவுக்குச் சற்று முன்பு நினைவு மங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டார். வலியூட்டினால் முனகிக் கையை இழுத்துக்கொண்டாரே தவிர, கண் திறக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. இரத்த அழுத்தம் சற்றே குறைந்திருந்தது. சர்க்கரை இயல்பாக இருந்தது. படுக்கைக்கு அருகில் கிடந்ததாக உறவினர்கள் தந்த மாத்திரை அட்டையில் பத்துக் குழிகளும் காலியாக இருந்தன. மருந்தின் பெயர் அச்சிட்டிருந்த பகுதி கிழிந்துபோயிருந்தது. வடிகுழாய் வைத்து எடுத்த முதல் சிறுநீரை இம்யூனோஅஸ்ஸே (ஆன்டிபாடியால் மருந்தைக் கண்டறியும்) முறையிலான மருந்துத் தொகுப்புச் சோதனைக்கு அனுப்பினோம். பென்சோடையசெபின், பார்பிட்யூரேட் என்ற இரு தூக்க மருந்து வகைகள், ஓபியாய்டு என்ற வலிநீக்கி வகை ஆகிய மூன்றுமே நெகட்டிவ் என்று வந்தன.

அப்படியானால் தூக்க மாத்திரை காரணமல்ல என்று முடிவுகட்டி, மூளையில் கசிவோ தொற்றோ இருக்கலாம் என்ற எண்ணத்துடன் சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டுசென்றோம். மேசையில் கிடத்தியதும் அவர் புரண்டு கைகால்களை உதறியதால், 2 மி.கி. மிடசோலாம் ஊசி போட்டு ஸ்கேனை முடித்தோம். படம் இயல்பாகவே இருந்தது. முதுகுத்தண்டு நீர் எடுப்பதா வேண்டாமா என்ற விவாதத்திலேயே இரவு கழிந்தது. காலையில் பொறுப்பேற்ற மூத்த மருத்துவர் சிறுநீரை மீண்டும் அனுப்பச் சொன்னார். இம்முறை பென்சோடையசெபின் பாசிட்டிவ். மாலையில் விழித்த நோயாளி, தான் விழுங்கியது குளோனாசெபாம் என்று சொன்னார்.

முதல் சோதனையில் ஆய்வகம் தவறிவிட்டதா, அல்லது மருந்து சிறுநீருக்கு வந்துசேர நேரமாகியதால்தான் மறுநாள் தெரிந்ததா? இரத்தத்திலேயே அளவைப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது அல்லவா? விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உயிர்வேதியியலாளர் எழுதியது:

வணக்கம் மருத்துவரே. கருவியைப் பொறுத்தவரை இரண்டு முடிவுகளுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு. பிழை அவற்றைப் படித்த விதத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் சோதனை உடலில் இருந்த மருந்தைக் காணவில்லை. இரண்டாவது சோதனை, நீங்கள் ஸ்கேன் அறையில் கொடுத்த மிடசோலாமைக் கண்டிருக்கிறது; குளோனாசெபாமைப் போலவே அதுவும் ஒரு பென்சோடையசெபின்தான்.

இம்யூனோஅஸ்ஸேயில் ஆன்டிபாடிதான் கண். நோயாளியின் சிறுநீரிலுள்ள மருந்தும், வினைபொருளில் குறியிட்டு வைக்கப்பட்டுள்ள மருந்தும் அந்த ஆன்டிபாடிக்காகப் போட்டியிடும். எது எவ்வளவு ஒட்டியது என்பதைக் கருவி அளக்கும். பல நிறுவனங்களின் பென்சோடையசெபின் சோதனையில் இந்த ஆன்டிபாடி ஆக்சசெபாம் அல்லது நார்டயசெபாம் ஆகியவற்றை இலக்காக வைத்து உருவாக்கப்பட்டது. டயசெபாம், குளோர்டையசெபாக்சைடு போன்ற பழைய மருந்துகள் உடலில் இவ்விரண்டாக மாறுவதால் அவற்றை அது எளிதில் பிடித்துவிடும். ஆனால் குளோனாசெபாமின் கதை வேறு. கல்லீரல் அதன் நைட்ரோ தொகுதியை அமினோ தொகுதியாக மாற்றி, 7-அமினோகுளோனாசெபாமாக்கி அனுப்புகிறது. மாறாமல் அப்படியே சிறுநீரில் வருவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த அமினோ வடிவத்தைப் பல ஆன்டிபாடிகள் சரியாக அடையாளம் காண்பதில்லை. சிறுநீரில் அது நிறைய இருந்தும், ஆக்சசெபாம் கணக்கில் நிர்ணயித்த மில்லிலிட்டருக்கு 200 அல்லது 300 நானோகிராம் என்ற கட்-ஆஃபை, அதாவது ‘பாசிட்டிவ்’ என்பதற்கான எல்லையை, எட்டாமல் ‘நெகட்டிவ்’ என்றே அச்சாகும்.

லோராசெபாமும் இவ்வாறே நழுவும், ஆனால் காரணம் வேறு. அது குளுகுரோனிக் அமிலத்துடன் பிணைந்தே பெரும்பாலும் வெளியேறுகிறது. அந்த ஒட்டுப்பொருள் ஆன்டிபாடியின் பிடியைத் தடுத்துவிடும். பீட்டா-குளுகுரோனிடேஸ் நொதியைச் சேர்த்துப் பிணைப்பை வெட்டிவிட்டுச் சோதிக்கும் முறைகளில் இந்தக் குறை கணிசமாகக் குறைகிறது. உங்கள் ஆய்வகத்தின் சோதனையில் அந்தப் படிநிலை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சோல்பிடெம், சோபிக்ளோன் ஆகியவை வேதியியலில் பென்சோடையசெபின்களே அல்ல. ஏற்பி ஒன்றுதான், மூலக்கூறு வேறு. ஆகவே தூக்கத்துக்கென்றே எழுதித் தரப்படும் இம்மருந்துகளை, ‘தூக்க மாத்திரைச் சோதனை’ என்று வார்டில் நாம் அழைக்கும் சோதனை பொதுவாகக் காட்டாது. பிரெகாபலின், பாக்லோஃபென், பழைய வகை ஒவ்வாமை மருந்துகள், குவெட்டியபின் போன்றவையும் வழக்கமான தொகுப்புகளில் இல்லை. அந்தப் படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு ‘நெகட்டிவ்’ என்ற சொல்லுக்கும் பின்னால் ‘இந்த ஆன்டிபாடிக்கு, இந்த அளவுக்கு மேல்’ என்ற வால் ஒளிந்திருக்கிறது. அதை அச்சிடாமல் விடுவது எங்கள் தரப்பின் குறை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காலமும் நீர்ப்பும் தனி. மாத்திரை விழுங்கிச் சிறிது நேரத்திலேயே கொண்டுவரப்பட்டவரின் சிறுநீர்ப்பையில் இருப்பது, பெரும்பாலும் விழுங்குவதற்கு முன்பே சேர்ந்த நீர். மறுபுறம், இரத்த அழுத்தம் குறைவென்று இரண்டு லிட்டர் சலைன் ஏற்றிய பிறகு எடுத்த சிறுநீர் தண்ணீர்போல் இருக்கும். கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்த்தால் நீர்ப்பு தெரிந்துவிடும். டெசிலிட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழே இருந்தால் நெகட்டிவ் முடிவை நான் நம்ப மாட்டேன்.

இனி மறுநாள் காலை. மிடசோலாம் ஹைட்ராக்சி வடிவமாக மாறி, குளுகுரோனைடாகச் சிறுநீரில் சேரும். ஆன்டிபாடி அதைக் கண்டுகொள்ளும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், நீங்கள் கொடுத்த 2 மி.கி.யே கட்-ஆஃபைத் தாண்டப் போதுமானது. நோயாளி பின்னர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், அந்தப் பாசிட்டிவ் அதற்குச் சாட்சியாகாது. வலிப்புக்கு லோராசெபாம் போட்டுவிட்டுச் சிறுநீர் எடுக்கும் இடங்களிலும் இதே கதைதான். செர்ட்ராலின், எஃபாவிரென்ஸ் போன்று தொடர்பே இல்லாத மருந்துகள் சில சோதனைகளில் பாசிட்டிவ் காட்டுவதுண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

உறுதிசெய்ய வேண்டுமானால் திரவ குரோமடோகிராபியுடன் இணைந்த இரட்டை நிறைநிறமாலைக் கருவியில், அதாவது எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். முறையில் பார்க்க வேண்டும். 7-அமினோகுளோனாசெபாம் அங்கே 286 என்ற நிறையுடைய அயனியாக நுழைந்து, உடைந்து 222, 121 ஆகிய துண்டுகளைத் தரும். இரு துண்டுகளின் விகிதமும், கருவியின் பிரிப்புக் குழாயிலிருந்து வெளிவரும் நேரமும் தரப்படுத்திய மாதிரியுடன் பொருந்தினால்தான் நாங்கள் பெயரை எழுதுவோம். முதல் நாளின் சிறுநீர் இன்னும் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறதா? இருந்தால் வீசிவிட வேண்டாம்.

தீவிரப்பிரிவு எழுதியது:

மேலே எழுதியவரின் வேதியியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: அந்த இரவில் அந்தச் சோதனையை அனுப்பியே இருக்க வேண்டுமா? பாசிட்டிவ் என்று வந்திருந்தாலும் நீங்கள் செய்யக்கூடியது சுவாசப்பாதையைக் காப்பது, ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு அளவைக் கவனிப்பது, ஒருபுறமாகப் படுக்கவைத்துக் காத்திருப்பது ஆகியவைதான்; நெகட்டிவ் என்று வந்ததோ உங்களை முதுகுத்தண்டு நீர் வரை இழுத்துச் சென்றது. காலியான அட்டையும், சீரான மூச்சும், வலிக்கு இழுக்கும் கையும் ஒன்றுசேர்ந்து சொன்னதை ஒரு கட்-ஆஃப் எண்ணுக்காகத் தள்ளிவிட்டீர்கள் என்று நயமாகச் சொல்கிறேன். ஸ்கேன் எடுத்தது தவறென்று சொல்லவில்லை. நினைவு மங்கியவருக்கு அது தேவைப்படலாம். ஆனால் காரணம் ‘சிறுநீர் நெகட்டிவ்’ என்பதாக இருக்கக் கூடாது.

இரத்த அளவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பென்சோடையசெபின்களைப் பொறுத்தவரை இரத்தத்தில் உள்ள அளவுக்கும் மயக்கத்தின் ஆழத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் இம்மருந்தை உட்கொண்டு பழகியவர் அதே அளவுடன் நடமாடுவார். பழகாத முதியவர் அதன் பாதியில் மூச்சுத் திணறுவார். முடிவு வந்துசேர்வதற்குள் நோயாளி பெரும்பாலும் விழித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

மாறாக, நான் அவசரமாகக் கேட்கும் அளவுகள் சில உண்டு. தன்னைத்தானே வருத்திக்கொண்டவர் எதை விழுங்கியதாகச் சொன்னாலும், பாராசிட்டமாலும் சாலிசிலேட்டும் பார்த்தே ஆக வேண்டும். பாராசிட்டமாலில் தொடக்கத்தில் அறிகுறியே இருக்காது, மாற்று மருந்தோ உண்டு. விழுங்கி 4 மணி நேரம் ஆன பிறகு எடுத்த இரத்தமே வரைபடத்தில் வைத்துப் படிக்கத் தகுந்தது. அடுத்து ஆல்கஹால். அது சேர்ந்தால் சாதாரண தூக்க மாத்திரையும் மூச்சை அடக்கும். இரத்தம் எடுக்கும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டாம் என்று செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாக ஃபீனோபார்பிட்டல். வலிப்பு நோய்க்காக இதையோ, உடலில் இதுவாக மாறும் பிரிமிடோனையோ உட்கொள்பவர் வீட்டில் இருந்தால் ஐயம் எழ வேண்டும். சிகிச்சை அளவு லிட்டருக்கு 15 முதல் 40 மி.கி. வரை, பெரியவர்களிடம் அரைவாழ்வு மூன்று நான்கு நாட்கள். இங்கே அளவு உண்மையிலேயே சிகிச்சையை மாற்றுகிறது. சில மணி நேர இடைவெளியில் மீண்டும் மீண்டும் பார்த்தால், இன்னும் குடலிலிருந்து உறிஞ்சப்படுகிறதா, பன்முறை கரித்தூள் பலன் தருகிறதா, டயாலிசிஸ் தேவையா என்பது தெரியும். கரித்தூள் கொடுத்தும் அளவு ஏறிக்கொண்டே இருந்தாலோ, நீண்ட கோமாவோ செயற்கைச் சுவாசமோ தேவைப்பட்டாலோ டயாலிசிஸ் செய்யலாம் என்று நஞ்சுக்கு டயாலிசிஸ் போன்ற சிகிச்சைகளை ஆராயும் எக்ஸ்ட்ரிப் பணிக்குழு 2014இல் பரிந்துரைத்தது. சிறுநீரில் ‘பார்பிட்யூரேட் பாசிட்டிவ்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் தீர்மானிக்க இயலாது.

இன்னொன்று: பாசிட்டிவைக் கண்டதும் பென்சோடையசெபினுக்கு மாற்று மருந்தான ஃப்ளுமசெனில் போட்டுப் பார்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். கூடவே டிரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்து விழுங்கியிருந்தாலும், நீண்டகாலப் பழக்கம் இருந்தாலும் வலிப்பு வரக்கூடும். அதன் வேலை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், மயக்கம் திரும்பிவிடும்.

இரவுப்பணி எழுதியது:

இருவருக்கும் நன்றி. மிடசோலாமை நான் கேள்வியில் எழுதியிருந்தும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை என்பது வெட்கமாகத்தான் இருக்கிறது. வடிகுழாயில் வந்த முதல் சிறுநீரின் மீதி ஆய்வகப் பெட்டியில் அகப்பட்டது. இரண்டையும் வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்த நோயாளி நலமாகிவிட்டார், மனநல மருத்துவரும் பார்த்துவருகிறார். ஆனால் இத்தகையவர் இறந்துபோயிருந்தால், அல்லது வேறொருவர் மயக்க மருந்து கொடுத்தார் என்ற புகார் எழுந்திருந்தால், நாங்கள் எடுத்துவைத்த குப்பிகள் பயன்பட்டிருக்குமா?

தடயவியல் வேதியியல் எழுதியது:

ஓய்வுபெறும் நிலையில் உள்ள தடயவியல் வேதியியலாளன் நான். உங்கள் கடைசிக் கேள்விதான் எங்களை நாள்தோறும் வாட்டுவது, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்குக் கிடைக்கும் மாதிரிகளில் மிக உயர்ந்தது, மருத்துவமனைக்குள் நுழைந்தவுடன், ஊசியோ சலைனோ ஏறுமுன் எடுத்த முதல் இரத்தம். மூன்று நாள் சிகிச்சைக்குப் பிறகு இறந்தவரின் பிரேதப் பரிசோதனை இரத்தத்தில் நாங்கள் காண்பது பெரும்பாலும் நீங்கள் கொடுத்த மருந்துகளையே. அந்த முதல் குழாயை வழக்கமான நாட்கணக்கில் வீசிவிடாமல் நிறுத்திவைத்தாலே பாதி வேலை முடிந்தது. இயன்றால் சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் உள்ள சாம்பல்மூடிக் குழாயில் ஒன்று தனியாக எடுங்கள். சீரம் பிரிக்கும் ஜெல் குழாய்கள் வேண்டாம். சில மருந்துகளை அந்த ஜெல் உறிஞ்சிக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். எடுத்த நேரம், எடுத்தவர், அதற்குமுன் கொடுத்த மருந்துகள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு ஆகியவை இல்லாத குப்பி, எவ்வளவு நல்ல கருவியில் போட்டாலும் வழக்கில் நிற்காது.

பாக்டீரியாவைத் தடுக்கும் ஃபுளோரைடு எதற்கு என்பதற்கு உங்கள் குளோனாசெபாமே நல்ல எடுத்துக்காட்டு. இறந்த உடலில் பெருகும் பாக்டீரியாக்களும் கல்லீரல் செய்யும் அதே வேலையைச் செய்து, நைட்ரோ வடிவத்தை அமினோ வடிவமாக மாற்றிவிடும். ஃப்ளூநைட்ரசெபாமும் நைட்ரசெபாமும் இவ்வாறே. குளோனாசெபாம் மட்டும் தேடுபவர் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார். 7-அமினோவையும் சேர்த்து அளந்தவருக்கே முழுக்கணக்கு கிடைக்கும். சோபிக்ளோன் இன்னும் மோசம். அறை வெப்பத்தில் வைத்த இரத்தத்தில் அது சிதைந்து, 2-அமினோ-5-குளோரோபிரிடின் என்ற துண்டாகிவிடும். அந்தத் துண்டைக் கண்டால், ஒருகாலத்தில் சோபிக்ளோன் இருந்தது என்று சொல்லலாமே தவிர, எவ்வளவு இருந்தது என்று சொல்வது கடினம். பூச்சியம் கீழ் 20 டிகிரியில் உறையவைப்பது இதற்காகத்தான்.

பிரேதப் பரிசோதனையில் இதய இரத்தத்தை நம்பி அளவு எழுதக் கூடாது. இறந்தபின் கல்லீரல், நுரையீரல், இரைப்பை ஆகியவற்றிலிருந்து மருந்து கசிந்து அங்கே ஏறியிருக்கும். தொடைச் சிரையைக் கட்டிவிட்டு எடுத்த இரத்தமே ஒப்பீட்டுக்குத் தகுந்தது. கண்ணின் விட்ரியஸ் நீர் பாக்டீரியாவிலிருந்து ஒதுங்கிய இடம் என்பதால் அதையும் எடுத்துவைக்கச் சொல்வோம். சிறுநீர் ‘உட்கொண்டார்’ என்பதைச் சொல்லும். ‘மயக்கத்தில் இருந்தார்’ என்பதைச் சொல்லாது. டயசெபாம், டெமசெபாம், குளோர்டையசெபாக்சைடு ஆகிய மூன்றுமே ஆக்சசெபாமில் வந்து முடிவதால், சிறுநீரில் ஆக்சசெபாம் மட்டும் இருந்தால் எந்த மாத்திரை என்று குறிப்பிட்டுச் சொல்லவும் முடியாது.

மயக்கமூட்டிய புகார் என்றால் ஜி.எச்.பி. (காமா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்) என்ற மயக்கமூட்டியைத் தனியாகக் கேளுங்கள். எந்த வழக்கமான தொகுப்பிலும் அது இல்லை; சிறுநீரிலிருந்தே ஏறத்தாழ 12 மணி நேரத்தில் மறைந்துவிடும். உடலே சிறிதளவு அதை உண்டாக்குவதால், லிட்டருக்கு 10 மி.கி. என்ற எல்லைக்கு மேல் இருந்தால்தான் வெளியிலிருந்து வந்தது என்று கருதுவது வழக்கம்.

பழங்கதை ஒன்று சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். நான் பயிற்சியில் சேர்ந்தபோது பார்பிட்யூரேட்டுக்கு, கோல்ட்பாம் 1952இல் வெளியிட்ட புறஊதா முறையையே இன்னும் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். அமிலமாக்கிய இரத்தத்தைக் குளோரோஃபாமில் குலுக்கிப் பிரித்து, கடும் காரத்துக்கு மாற்றி ஒருமுறையும், பி.எச். பத்தரை அளவுக்குக் குறைத்து மறுமுறையும் ஒளி உறிஞ்சலைப் படிப்போம். முகடு 255 நானோமீட்டர் பக்கத்திலிருந்து 240க்கு நகரும். 260இல் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் அளவு வந்துவிடும். குளோரல் ஹைட்ரேட் என்ற பழைய தூக்க மருந்துக்கு ஃபுஜிவாரா சோதனை: சிறுநீருடன் காரமும் பிரிடினும் சேர்த்துச் சூடாக்கினால் மேலடுக்கு இளஞ்சிவப்பாகும். பிரிடினின் அழுகல் மீன் நாற்றம் சட்டையில் ஏறிவிடும் என்பதால் அந்த நாட்களில் பேருந்தில் என்னருகே யாரும் உட்கார்ந்ததில்லை. ஆனால் அந்தச் சோதனைகளில் நேர்மை இருந்தது. எதைத் தேடுகிறோம் என்று முதலிலேயே ஊகித்தால்தான் எதுவும் கிடைக்கும் என்பது எங்களுக்கு வெளிப்படையாகத் தெரியும். இன்று கருவி பட்டியலை அச்சிட்டுத் தருவதால் எல்லாவற்றையும் தேடிவிட்டோம் என்ற மயக்கம் வந்துவிடுகிறது.

எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். கூட, பட்டியலில் எழுதிவைத்த அயனிகளை மட்டுமே பார்க்கிறது. எட்டிசோலாம், ஃப்ளூஅல்பிரசோலாம், புரோமசோலாம் போன்ற பென்சோடையசெபின் சாயல் மருந்துகள் கள்ளச்சந்தையில் வந்தபோது பல இடங்களில் நேர்ந்தது உங்கள் கதையின் தலைகீழ்: ஆன்டிபாடி பாசிட்டிவ் காட்டும், உறுதிச் சோதனையோ ‘எதுவுமில்லை’ என்று திருப்பி அனுப்பும், முதல் முடிவு பொய் என்று அறிக்கை போகும். மருந்து இருந்தது, பட்டியலில் அதன் பெயர் இல்லை. உயர்பிரிதிறன் நிறைநிறமாலைக் கருவியில் முழுத் தரவையும் சேமித்துவைத்தால், பெயர் தெரிந்தபிறகு பழைய கோப்பைத் திறந்து மீண்டும் தேடலாம். புதிய வசதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உயிர்வேதியியலாளர் எழுதியது:

தடயவியல் ஐயா சொன்ன கடைசிப் பத்தியை எங்கள் துறைக் கூட்டத்தில் வாசிக்கப்போகிறேன். தீவிரப்பிரிவு மருத்துவருக்கு ஒரு சொல்: சோதனையே வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டதோ என்ற ஐயம், மூளைச்சாவு உறுதிசெய்யும் முன் மயக்க மருந்தின் எச்சம் உடலில் இல்லையென்று அறிய வேண்டிய தேவை ஆகிய இடங்களில் ஆய்வகம் இல்லாமல் நகர முடியாது. அங்கேயும் இம்யூனோஅஸ்ஸே நெகட்டிவ் போதாது, பெயர் சொல்லி அளக்க வேண்டும்.

தீவிரப்பிரிவு எழுதியது:

அந்த இரண்டு இடங்களையும் ஏற்றுக்கொள்கிறேன். வழக்கமான நள்ளிரவு மிகையளவுக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை.

இரவுப்பணி எழுதியது:

வெளி ஆய்வகத்தின் அறிக்கை வந்துவிட்டது. முதல் குப்பியில் 7-அமினோகுளோனாசெபாம் மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராமைத் தாண்டி இருந்திருக்கிறது. மிடசோலாமின் சுவடே இல்லை. எங்கள் ஆய்வகம் அதே குப்பியை மீண்டும் இம்யூனோஅஸ்ஸேயில் ஓட்டிப் பார்த்தது, மறுபடியும் நெகட்டிவ். காலைக் குப்பியில் 7-அமினோகுளோனாசெபாமுடன் ஹைட்ராக்சிமிடசோலாமும் இருந்தது. எங்கள் பிரிவின் கோரிக்கைப் படிவத்தில் ‘மாதிரி எடுக்குமுன் கொடுக்கப்பட்ட மயக்க மருந்து, நேரம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். முதல் வாரத்தில் பாதிப் படிவங்களில் அந்த இடம் வெறுமையாகவே வந்தது. இப்போது அதை நிரப்பாத மாதிரியை ஆய்வகம் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டபிறகே ஓட்டுகிறது.